ஒற்றைத் தையல்

2013-ல் ஒரு சாயங்காலம் எங்கள் சாம்பிள் ரூமுக்கு வெளிநாட்டுக் கூரியர் ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு பழைய டி-ஷர்ட். கறுப்பாக இருந்து, வெளுத்து, அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்துப் பட்டியில் இரண்டு பொத்தல். முன்பக்கம் ஒரு ராக் குழுவின் படம், விரலால் வருடினால் சொரசொரவென்று தட்டுப்படுகிற அளவுக்கு வெடித்திருந்தது. முதுகில் சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர்களும் தேதிகளும் இரண்டு வரிசையாக இறங்கின. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் மெயிலில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: துணியின் மென்மை, வாஷ், பிரிண்ட் எல்லாம் இதே போல வேண்டும், ஒரிஜினலில் கத்தரி படக்கூடாது, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடவும்.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவன். புதுத் துணியைப் பழசாகக் காட்டுவது எங்களுக்குத் தெரிந்த வேலைதான். நூல் கவுண்டை, அதாவது நூலின் பருமனை, மாற்றி நிட்டிங் போட்டுப் பார்த்தோம். என்சைம் வாஷ், சிலிகான் வாஷ், பிரிண்டை வெடிக்க வைக்கிற பேஸ்ட் என்று ஒன்பது சாம்பிள் ஓட்டினோம். ஒன்பதாவதை பையர் ஓகே செய்தார். அந்த மூன்று வாரமும், எல்லாரும் கிளம்பிய பிறகு அந்த ஒரிஜினலை டேபிளில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். திருப்பி அனுப்புகிற நாளில் டிஷ்யூ காகிதம் வைத்து நானே மடித்தேன். கூரியர்காரரிடம் கொடுக்க மனசே வரவில்லை. எனக்கென்று ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இப்போது என்னிடம் இருபத்து மூன்று இருக்கின்றன.

சரியாகச் சொன்னால் முதல் சட்டை அதற்கு ஆறு வருடம் முன்பே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம். 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். ஹாஸ்டலில் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட குழு இந்தியாவுக்கு வருகிறது என்றதும் நாங்கள் நாலு பேர் காந்திபுரத்தில் இரவு பஸ் ஏறிவிட்டோம். டெல்லியின் பரிக்ரமா குழு முன்னால் வாசித்தது. இருட்டிய பிறகு மெய்டன் மேடையேறியபோது கூட்டத்தில் என் கால் தரையில் படவில்லை. தொண்டை போய் இரண்டு நாள் பேச முடியவில்லை. திரும்பும்போது கேட்டுக்கு வெளியே பெட்ஷீட் விரித்து விற்ற ஒருவரிடம் 150 ரூபாய்க்கு ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்கினேன்.

வீட்டில் துவைக்கப் போட்டபோது அம்மா அதை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். தோள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். அடி மடிப்பைத் தடவினாள்.

"இது நம்மூரு பீஸுதான் சாமி. எங்கிருந்து வாங்கியாந்தே?"

பெங்களூரில் என்றேன்.

"பெங்களூருக்குப் போய் நம்மூரு செகண்ட்ஸை வாங்கியாந்திருக்கறே. பேட்லாக்குல ஒரு ஊசி நூல் விட்டிருக்குது பாரு."

செகண்ட்ஸ் என்றால் ஏற்றுமதிக்குத் தேறாமல் ஒதுக்கிய பீஸ். பேட்லாக் என்பது கை, அடி மடிப்புகளை அடிக்கிற மெஷின். அம்மா 1981-ல், பதினாலு வயதில் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தவள். டெய்லர் அடித்துத் தள்ளுகிற பீஸை வாங்கி, பிரித்து, மடித்து அடுக்குகிற வேலை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தை தெரியாது. எங்கள் ஊரில் பாதி வீடுகள் கைமடிக் கூலியில் எழுந்தவை. அப்புறம் செக்கிங் டேபிளுக்குப் போய், அங்கேயே முப்பது வருடம். 1978-ல் வெரோனா என்ற இத்தாலியர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதி தொடங்கியது என்று சொல்வார்கள். அதற்கு மூன்று வருடம் கழித்து அம்மா வேலைக்குப் போனாள். துணியைப் படிப்பது என்றால் என்ன என்று நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. அம்மா அந்த மெய்டன் சட்டையை உள்பக்கம் திருப்பியதைப் பார்த்துக் கற்றேன்.

டி-ஷர்ட் சேகரிக்கிறேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த பேண்ட் என்றுதான். நான் முதலில் பார்ப்பது கை மடிப்பு. 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் தைத்த பெரும்பாலான டி-ஷர்ட்டுகளில் கையிலும் அடியிலும் வெளியே ஒரே வரிசைத் தையல்தான் தெரியும். சேகரிக்கிறவர்கள் இதை சிங்கிள் ஸ்டிச் என்பார்கள். இன்றைக்கு நாம் பேட்லாக்கில் இரட்டை ஊசி போட்டு அடிக்கிறோம். வெளியே இரண்டு வரிசை, உள்ளே வலை மாதிரி நூல். இழுத்தால் தையலும் கூடவே நீண்டு கொடுக்கும், சீக்கிரம் அறாது. ஒற்றைத் தையல் அப்படியில்லை. ஓரிடத்தில் நூல் அறுந்தால் சங்கிலி பிரிவது போலப் பிரிந்துகொண்டே போகும். முப்பது நாற்பது வருடம் கழித்தும் மடிப்பு முழுதாக இருக்கிற ஒரு சட்டையைப் பார்க்கும்போது, அதை அடித்த கையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தையலை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. ஒற்றைத் தையலை இன்றைக்கும் அடிக்கலாம். அதனால் அடுத்தது உடல் பகுதி. பழைய சட்டைகளில் நிறைய, பக்கவாட்டில் தையலே இல்லாமல் குழாயாக நிட்டிங் ஆனவை. அப்புறம் லேபிள். ஸ்கிரீன் ஸ்டார்ஸ், ஹேன்ஸ், பிராக்கம், ஜயன்ட் போன்ற பெயர்கள் எனக்கு இப்போது சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி. அமெரிக்காவில் 1972-லிருந்து துவைக்கும் முறையைத் துணியிலேயே நிரந்தரமாக இணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வாஷ்கேர் லேபிளுக்காகத்தான் நான் தினமும் மூன்று பேருடன் சண்டை போடுகிறேன், அதனால் பழைய லேபிள்களை ஒரு மாணவன் மாதிரி ஆசையாகப் படிப்பேன். சில லேபிள்களில் ஆர்.என். என்ற எழுத்துகளோடு ஒரு எண் இருக்கும். அது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் கம்பெனிக்குக் கொடுக்கிற பதிவு எண். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 1994-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் வந்த பிறகு, துணி அமெரிக்காவில் நிட்டிங் ஆகி, தையல் மெக்சிகோவில் என்று எழுதிய லேபிள்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரு நாட்டின் தையல் வேலை எல்லை தாண்டிப் போனது அந்த ஒரு அங்குலத் துண்டில் எழுதியிருக்கிறது. அந்த வேலையில் ஒரு பங்கு அப்புறம் எங்கள் ஊருக்கும் வந்தது.

பிரிண்டுக்குக் கீழே போட்டிருக்கும் காப்புரிமை வருடத்தை வைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அது படத்தின் வருடம். அதே படத்தை இருபது வருடம் கழித்து அடித்தாலும் அதே வருடம்தான் இருக்கும்.

என்னிடம் இருப்பதில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது 1984-85 வேர்ல்ட் ஸ்லேவரி டூர் சட்டை. மெய்டன் அந்தப் பயணத்தை 1984 ஆகஸ்டில் போலந்தின் வார்சாவில் தொடங்கி அடுத்த வருடம் ஜூலை வரை ஓட்டினார்கள். துணி பாதி பருத்தி, பாதி பாலியஸ்டர். துவைக்கத் துவைக்கப் பருத்தி நார் உதிர்ந்து பாலியஸ்டர் மட்டும் மிஞ்சும், அதனால்தான் அந்தக் காலத்துச் சட்டைகள் வெங்காயத் தோல் மாதிரி வெளிச்சம் காட்டுகின்றன. ஒன்பது சாம்பிள் ஓட்டியும் நாங்கள் முழுசாகப் பிடிக்க முடியாதது இந்த மெலிவைத்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால், மெய்டனின் சின்னமான எட்டி என்ற பூத உருவத்தின் முகத்தில் ஒவ்வொரு நிறமும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் யாரோ கையால் நிறம் பிரித்து, ஃபிலிம் எடுத்து, ஸ்கிரீன் செய்திருக்கிறார்கள். மஞ்சள் ஸ்கிரீன் ஒரு நூலிழை அளவு விலகியிருக்கிறது. எங்கள் கம்பெனியில் அந்த பீஸை ரிஜெக்ட் செய்திருப்போம். எனக்கு அந்த விலகல்தான் பிடித்திருக்கிறது, அன்றைக்கு அந்த டேபிளில் ஒரு மனிதர் நின்றிருந்தார் என்பது அதில் தெரிகிறது.

குழுக்களின் பெயரில் டி-ஷர்ட் விற்கிற இந்த வியாபாரம் முறையாக வளர்ந்ததே 1970களில்தான். சான் ஃபிரான்சிஸ்கோவில் கச்சேரிகள் நடத்திய பில் கிரஹாமின் விண்டர்லேண்ட் கம்பெனி அதில் முன்னோடி. அப்போதும் அரங்கத்துக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் திருட்டு பிரிண்ட் விற்றவர்கள் இருந்தார்கள். மெல்லிய துணி, அவசர பிரிண்ட். அவற்றையும் பார்க்கிங் லாட் சட்டை என்று பெயர் சொல்லித் தேடி வாங்குகிறவர்கள் இன்று உண்டு. என் 150 ரூபாய்ச் சட்டையும் அந்த வம்சம்தான். இருபத்து மூன்றில் அதுதான் ஒன்று என்று எண் போட்டு வைத்திருக்கிறேன்.

வலித்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2016-ல் ஒரு வெளியூர் வியாபாரியிடம் மெட்டாலிகாவின் 1988-89 டேமேஜ்டு ஜஸ்டிஸ் பயணத்துச் சட்டை வாங்கினேன். 6,500 ரூபாய், அன்றைக்கு எனக்கு அது பெரிய பணம். கறுப்பு துளியும் வெளுக்கவில்லை. யாரும் போட்டதே இல்லை, துவைத்ததே இல்லை என்றார். 2011 அக்டோபர் 30-ம் தேதி அதே பேலஸ் கிரவுண்ட்ஸில் நான் பார்த்த குழு. அந்த நினைப்பில் ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று தலை வழியாக நுழைத்தேன். தோளில் சர்ரென்று ஒரு சத்தம். பழைய நியூஸ் பேப்பர் கிழிவது போல, தையலை விட்டுவிட்டுத் துணியே கிழிந்தது. பதறி இழுத்ததில் முதுகும் போயிற்று.

என் மாமா இருபது வருடத்துக்கு மேல் வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறையில் இருந்தவர். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போய், அப்புறம் சுத்திகரிப்பு சரிசெய்து திறந்த ஒரு பட்டறையில் லேபுக்கு வந்தவர். அவரிடம் சட்டையைக் கொண்டுபோனேன். ஒரு துண்டை எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, அமிலம் இருந்தால் சிவக்கிற பி.எச். தாளைத் தொட்டுக் காட்டினார். தாள் சிவந்தது.

"மாப்ளே, இது சல்பர் பிளாக்கு. சாயத்துல இருக்கற கந்தகம் காத்துலயும் ஈரத்துலயும் மெதுவா ஆசிடா மாறும். முப்பது வருசமா உள்ளுக்குள்ளயே நூலைத் தின்னுட்டு இருந்திருக்குது."

பருத்திக்கு ஆழமான கறுப்பு குறைந்த செலவில் கிடைப்பது சல்பர் பிளாக்கில்தான். கடைசி அலசலில் சோடியம் அசிடேட்டோ சோடாவோ போட்டு அமிலத்தை மட்டுப்படுத்த வேண்டும். அதுவும் காலத்துக்கும் தாங்காது. துவைத்துப் போட்டுப் புழங்கிய சட்டையில் உண்டாகிற அமிலம் அவ்வப்போது தண்ணீரோடு போய்விடும். பெட்டிக்குள்ளேயே புதுசாக இருந்த சட்டைதான் செத்துப் போகிறது. இதைக் கேட்டபோது எனக்கு மனசு கனத்தது. யாரோ ஒருவர் பத்திரமாக வைக்க வேண்டும் என்றுதானே பெட்டியில் வைத்திருப்பார்.

அதற்கப்புறம் கறுப்புச் சட்டை என்றால், அடி மடிப்பு ஓரத்தில் துணியை மெல்ல இழுக்கச் சொல்லி வீடியோவில் பார்த்த பிறகுதான் பேசுவேன். வீட்டுக்கு வந்ததும் சாதாரணத் தண்ணீரில் அலசி, கடைசி அலசலில் கொஞ்சம் சமையல் சோடா சேர்த்து, நிழலில் படுக்கப்போட்டு உலர்த்துவேன். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் தோள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் கவரில் போடுவதில்லை. பீரோவில் ஒவ்வொரு சட்டைக்கும் நடுவே வெள்ளைக் காடாத் துணி, மூலையில் அம்மா முடிந்து வைத்த வசம்பு. கண்ணாடிச் சட்டமிட்டு வெயில் படும் சுவரில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

போன வருடம் தெரிந்தவர் மூலமாக ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து பேசினோம். போனில் பழைய சட்டைகளின் படங்களைக் காட்டினார். இதே மாதிரி அறுபது பீஸ் வேண்டும், ஒற்றைத் தையல், பழைய லேபிளை அப்படியே நெய்து வைக்க வேண்டும், கழுத்தில் அங்கங்கே பொத்தல். பழசு என்று சொல்லி வெளியே விற்கப் போவதாக மறைக்காமலே சொன்னார். பீஸுக்கு அவர் சொன்ன ரேட் நாங்கள் கனவில் கேட்காத ரேட்.

முடியாது என்றேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. ஏனுங்க, நீங்கள் பையருக்குச் செய்வதும் இதுதானே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் பையருக்குச் செய்வது குழுவிடம் உரிமை வாங்கி அடிக்கிற புதுச் சட்டை. லேபிளில் இன்றைய பெயர், இன்றைய நாடு, மேட் இன் இந்தியா என்று இருக்கும். வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும். அதை எங்கள் ஊரின் திறமை என்று மார் தட்டிச் சொல்வேன். இவர் கேட்டது, அம்மா மாதிரி ஒருத்தி நாற்பது வருடம் முன்னால் அடித்ததாக ஒரு பொய்யை எங்கள் டெய்லர் கையால் அடித்துத் தரச் சொல்வது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வேறு யாராவது அடித்துக் கொடுத்திருப்பார்கள். அதனால் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். போலியில் பெரும்பாலும் பழைய சட்டையையே ஸ்கேன் செய்துதான் ஸ்கிரீன் எடுப்பார்கள். அப்போது ஒரிஜினலில் இருந்த வெடிப்புக் கோடுகளும் படத்தோடு சேர்ந்து அச்சாகிவிடும். கண்ணுக்கு வெடிப்பு தெரியும், நகத்தை ஓட்டினால் வழவழவென்று போகும். மெல்லிய கோடுகள் அடைத்துக்கொண்டு தடித்திருக்கும், புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கியிருக்கும். லேபிள் மட்டும் பழசாகவும் அதைத் தைத்த நூல் பளிச்சென்றும் இருந்தால் விட்டுவிடுங்கள். உள் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். வெளியே வெளுத்த சட்டையின் மடிப்புக்குள் பழைய நிறம் ஒளிந்திருக்க வேண்டும். மொத்தமாக வாஷ் செய்து வெளுக்க வைத்ததில் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே வெளுப்பாக இருக்கும்.

இந்தத் தீபாவளி நோம்பிக்கு அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பையன் வந்தான். அங்கே பழைய துணிக் கடையில் எடுத்த ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தான். ரோலிங் ஸ்டோன்ஸ், 1981 அமெரிக்கப் பயணம். செப்டம்பரில் பிலடெல்ஃபியாவில் தொடங்கி டிசம்பரில் ஹாம்ப்டனில் முடிந்த பயணம் அது. துணி, பிரிண்ட், லேபிள் எல்லாம் பார்த்தேன், சந்தேகமே இல்லை. ஆனால் இடது கை மடிப்பில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் பிரிந்திருந்தது. இன்னும் ஒரு முறை அலசினால் முழுசும் போய்விடும்.

பழுது பார்த்தால் மதிப்பு குறையும் என்று சிலர் சொல்வார்கள். நான் விற்கப் போவதில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். முதுகில் இருந்த ஊர்ப் பட்டியலை முதலில் விரித்துப் பார்த்தாள்.

"இதென்ன கண்ணு, தேர் நோம்பி நோட்டீஸாட்ட தேதி போட்டிருக்குது?"

ஊர் ஊராகக் கச்சேரி நடந்த தேதிகள் என்றேன். இது எந்த வருசம் என்று கேட்டாள். 1981 என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் சிங்கர் மெஷின் இருக்கிறது. மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊசியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "பழைய ஓட்டையிலயேதான் போகோணும், புதுசா ஒரு குத்து விழக்கூடாது." வெளுத்த கறுப்புக்கு ஏற்ற நூலைத் தேடி, என் பழைய லுங்கி ஓரத்திலிருந்து ஒரு பருத்தி இழையை உருவினாள். நாலு விரல் நீளத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நடுவில் தலை நிமிராமலே கேட்டாள். "இதைத் தெச்ச புள்ளைக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"

அம்மாவுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று சொன்னேன். அம்மா நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். சட்டையை உதறி, இரண்டு கையையும் பின்னுக்கு மடக்கி, கைமடி டேபிளில் மடிக்கிற அதே மடிப்பில் மடித்து என் பக்கம் நகர்த்தினாள்.